முதியோர் படும் துன்பத்தை ‘வீட்டு விவகாரம்’ என்று விட்டுவிடாதீர்கள்



நம் தெருக்களில் சில முதியவர்கள் சொந்த வீட்டிலேயே பசியும் அடியும் தாங்கி வாழ்கிறார்கள். தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பிறகு திண்ணைக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு. 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வரவானதும் ஏ.டி.எம். அட்டையைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. மருந்து வாங்கித் தராததும், யாரிடமும் பேசவிடாமல் அறையில் அடைப்பதும்கூடக் கொடுமைதான்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்துப் பத்திரத்தை, வாக்கு மீறினால் ரத்து செய்யலாம். பொறுப்பிலுள்ளவர் முதியவரை வேண்டுமென்றே கைவிட்டால் 3 மாதம் வரை சிறை உண்டு. முதியவரால் முடியாதபோது, அவர் அனுமதித்த வேறொருவரோ அமைப்போ மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரிக்கலாம்.

ஆனாலும் உதவி பலருக்குப் போய்ச் சேரவில்லை. காரணம், ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு துண்டுதான் படுகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் காயத்தைப் பார்க்கிறார். உதவித்தொகை ஆவணம் கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் போகிறது. பத்திரம் சார்பதிவாளரிடம் பதிவாகிறது. சண்டைச் சத்தம் காவல் நிலையம் வரை போகிறது. நான்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வீட்டில் நடப்பது முழுதாகத் தெரியும்.

ஆகவே அதிகாரிகளிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: வருவாய், காவல், சுகாதாரம், சமூகநலம், சட்டப்பணிகள் ஆகிய ஐந்து துறையினரும் மாதம் ஒருமுறை வட்ட அளவில் கூடிப் பேசுங்கள். ஒரு முதியவரின் குறை எந்த அலுவலகத்துக்கு வந்தாலும், அவரை அலையவிடாமல், உரியவரிடம் நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். தனியாக வாழும் முதியோர் பட்டியலைக் காவல் நிலையத்தில் புதுப்பித்து வையுங்கள். அவர்களை நேரில் போய்ப் பாருங்கள்.

பொதுமக்களே, உங்களிடமும் கேட்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாலு நாளாக வாசலுக்கு வரவில்லையா? விசாரியுங்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் என்ன விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். “பிள்ளைக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது” என்று தயங்கும் தாய்மார்கள் ஏராளம். புகார் என்றாலே சிறை இல்லை, சமரசம் பேசிவைக்கவும் அலுவலர் உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். தெருவில் நின்று மகனோடு சண்டை போடாதீர்கள். அந்தக் கோபம் இரவில் முதியவர்மீதுதான் இறங்கும்.

மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. இலவசச் சட்ட உதவிக்கு 15100. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112. இந்த மூன்று எண்களையும் ரேஷன் கடையிலும், கோயில், பள்ளிவாசல், தேவாலய வாசல்களிலும் எழுதி வைப்போம். அழைக்கத் தெரியாதவருக்காக நாம் அழைப்போம். மனு எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுப்போம். விசாரணை நாளன்று துணைக்குப் போவோம்.

இப்படிக்கு,
முதியோர் நலனில் அக்கறை கொண்ட ஊர்க் குழுவினர்