சோம்பல் அல்ல, இரத்தக் குறைவு!

காலையில் வேலை தொடங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள் மூச்சு வாங்குகிறது. படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. முகமும் நகமும் வெளுத்திருக்கின்றன. இந்த நிலையிலுள்ள பெண்ணாளைப் பார்த்துச் "சோம்பேறி" என்று பட்டம் சூட்டுவது நம் தோட்டங்களில் வழிவழியாக வந்த வழக்கம். தண்டல் ஏசினார், கிராணி கணக்கில் குறைத்தார். பால்மரக் காடுகளில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து வந்தவர்களின் மக்கள் கிள்ளானில் தொழிற்சாலை வேலையும், பிரிக்பீல்ட்ஸில் சமையற்கட்டு வேலையும், கோலாலம்பூர் மாடிகளில் துப்புரவு வேலையும் செய்கிறார்கள். வேலை மாறியது, பட்டம் மாறவில்லை.

அந்தப் பட்டம் பொய் என்று கூறுகிறோம். அது சோம்பல் அல்ல, சோகை. இரத்தத்துக்குச் சிவப்பு நிறமும் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமையும் தருவது இரும்புச் சத்து. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு ஆணைவிட அது அதிகம் வேண்டும். ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுவதற்குள் தாய்க்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கின்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துக்கு மூவருக்குச் சோகை. இது ஒரு வீட்டுக் குறையா? நாட்டுக் குறை!

பழைய கதையைச் சற்று நினைவுகூர்வோம். 1901இல் கிள்ளானில் அரசாங்க டாக்டராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். மலேரியா இரத்த அணுக்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும் நோய். அடுத்த எதிரி கொக்கிப்புழு. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிறுவனத்தார் அனுப்பிய டாக்டர் டார்லிங் குழு, மலாயாவிலும் ஜாவாவிலும் பீஜியிலும் அதை ஆராய்ந்தது. கக்கூஸ் இல்லாத இடத்தில் மலம் கலந்த ஈர மண்ணில் புழு வளர்கிறது. செருப்பில்லாத காலைத் துளைத்து உள்ளே நுழைந்து, குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சிறு துளி. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆளையே உருக்கிவிடும். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும், அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் மீண்டும் வந்து சேரும். கக்கூஸும் காலணியும் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது, ஓட்டை வாளியில் பால் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

"வேலை செய்ய மனமில்லாதவர்களுக்கு மருந்து ஏது?" என்போருக்கு 1979ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள் பதில் சொல்லும். இந்தோனேசிய ரப்பர் தோட்டமொன்றில் சோகை பிடித்த தொழிலாளர்களுக்கு 60 நாள் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அவர்கள் வெட்டிய பால், நல்ல இரத்தமுள்ளவர்கள் வெட்டிய பாலுக்கு ஏறக்குறையச் சமமாக உயர்ந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் இதுவே நடந்தது. இரும்புச் சத்து ஏறியதும் சோகை மிகுந்திருந்தவர்கள் முன்னைவிடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். மனம் அதே மனம், கை அதே கை. மாறியது இரத்தம் ஒன்றுதான். எடைக்குக் கூலி வாங்கும் தொழிலாளிக்குச் சோகை என்பது கூலி வெட்டு அன்றோ?

"உங்கள் பெண்கள் தேநீரும் ரொட்டியும் தின்று பசியாறினால் யார் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு, மறுக்கவில்லை. சோற்றோடு தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதே நல்லது. எலுமிச்சை பிழிந்தால், கொய்யா தின்றால் நன்றாகச் சேரும். ஈரல், மீன், கெராங் ஆகியவற்றில் உள்ள இரும்பு எளிதில் ஒட்டும். வீட்டில் ஆணுக்கும் பிள்ளைக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய குழம்பைத் தாய் உண்ணும் வழக்கத்தை நம் தோழர்களே ஒழிக்க வேண்டும். ஆனால் பதினைந்து நிமிட ஓய்வில் பசியாறு என்றால், தேநீரும் ரொட்டியும் அல்லாமல் வேறு என்ன கிடைக்கும்? கூலி போதாத வீட்டில் ஈரலும் மீனும் எத்தனை நாள் வேகும்?

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வரிசையில் நிற்பதற்கோ நாட்கூலிக்காரருக்கு அரை நாள் கூலி போகிறது. ஆகவே நாம் கேட்பவை இவை: ஆண்டுக்கு ஒரு முறை வேலையிடத்திலேயே, கூலி குறையாமல் இரத்தப் பரிசோதனை, குறை கண்டவர்களுக்கு இலவச மருந்து, தோட்டத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் நல்ல கக்கூஸ், நல்ல தண்ணீர், ஒவ்வொரு தொழிலாளிக்கும் காலணி, வயிறார உண்ணப் போதிய ஓய்வு. இன்று தோட்டங்களில் உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இவை சேர வேண்டும். புழு பாஸ்போர்ட் பார்த்துக் கடிப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை: பரிசோதிக்காமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். தலசீமியா என்னும் பரம்பரைச் சோகைக்கு இரும்பு மருந்தாகாது. ஆண்களுக்குச் சோகை கண்டால் வயிற்றில் புண்ணோ, வேறு எங்காவது இரத்தக் கசிவோ இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சகோதரிகளே! களைப்பை விதி என்று எண்ணி முடங்க வேண்டாம். பரிசோதனைக்குச் செல்லுங்கள். தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் கூலிக் கோரிக்கையின் பக்கத்தில் இந்தக் கோரிக்கையையும் எழுதுங்கள். நம் இரத்தத்தைக் காப்பதும் சங்கத்தின் வேலையே.