சேர்ந்து கேட்டவர்கள் சேர்ந்தே கொடுக்கட்டும்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸுக்காக, ஆவாரம்பட்டையில் பதனிட்ட மதராஸ் தோல் கப்பல் கப்பலாகப் போனது. போர் முடிந்ததும், 1919இல், பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதத் தீர்வை வந்தது. பேரரசுக்குள் போகும் சரக்குக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. தனியொரு மண்டிக்காரர் குரல் கொடுத்தால் டெல்லிக்கும் லண்டனுக்கும் கேட்காது என்று தோல் வணிகர்கள் உணர்ந்த காலம் அது. சென்னைப் பெரியமேட்டில் இன்றும் இயங்கும் அகில இந்தியத் தோல் பதனிடுவோர், வணிகர் சங்கத்தின் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு 1970களில் கட்டுப்பாடு வந்தபோதும் இந்தத் தொழில் சிதறவில்லை. முழுப்பதத்துக்கு மாறி எழுந்து நின்றது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியையும் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியையும் எழுப்பியது தோல் வணிகர்களின் கொடை. இந்த ஒற்றுமையை நாம் மதிக்கிறோம். அதனால்தான் அதனிடம் கணக்குக் கேட்கிறோம்.

பாலாற்றங்கரையில் அந்த ஒற்றுமை எங்கே போனது?

ஒரு கிலோ தோலை முழுமையாகப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் குரோமும் கலந்த அந்த நீர் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் ஆண்டுக்கணக்காக ஓடைகளிலும் ஆற்றுமணலிலும் விடப்பட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பாழானதை உச்ச நீதிமன்றமே 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவு செய்தது. கேணி இருந்தும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் போனார்கள் பெண்கள். தென்னை காய்ந்தது, நெல் போனது. கடைசியில், நிலத்தை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் 'தோல் ஷாப்' என்று ஊரார் சொல்லும் அதே பதனிடும் ஆலைகளில் கூலிக்கு நின்றார்கள்.

வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த அந்த வழக்கில் தோல் ஆலைகளின் தரப்பு வாதாடியது எதற்காக? நீரில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பைத் தளர்த்துவதற்காக. சிறிய ஷாப்புகளுக்கு வசதியில்லை என்ற சமாதானம் அதற்கும் முந்தையது. கான்பூர் ஆலைகள் குறித்த 1987ஆம் ஆண்டு வழக்கிலேயே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது: குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத ஆலை எப்படி நடக்கக் கூடாதோ, அப்படியே கழிவைச் சுத்திகரிக்க முடியாத ஆலையும் நடக்கக் கூடாது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன என்பது உண்மை. அரசு மானியமும் அவற்றில் சேர்ந்தது. ஆனால் 2015 ஜனவரி 31 அன்று, இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் இயங்கிய அத்தகைய நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பலர் சேர்ந்து நடத்தும் நிலையத்தில் பொறுப்பு மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் போனால், இப்படித்தான் உயிர்கள் போகும்.

பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டை, அந்த 1996 தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் கணித்தது: 29,193 பேருக்கு, சுமார் 26.82 கோடி ரூபாய். உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் ஒரு தொழிலுக்கு இது பெருந்தொகையா? ஆனாலும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது. கொடுபடாமல் நிற்கும் தொகையை அரசே முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிட்டது. இழப்பீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் மண்ணோடு மண்ணாகியிருப்பார்கள்.

சட்டத்தின் கண்ணில் கடன்காரர்கள் தனித்தனி ஆலைகள். அறத்தின் கண்ணில் சங்கங்களும் கடன்காரர்களே. சலுகை கேட்கும்போது "நாங்கள் அனைவரும்" என்று கையெழுத்திட்டவர்கள், கொடுக்க வேண்டிய நேரத்தில் "அது அந்தந்த உறுப்பினரின் பாடு" என்று ஒதுங்குவது நேர்மையல்ல. அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது பெருங்குற்றம்தான். அதைக் காட்டி இந்தக் குற்றத்தைக் கழித்துக்கொள்ள முடியாது.

ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களில் யார் இழப்பீட்டைச் செலுத்தினார், யார் பாக்கி என்ற பட்டியலை ஊர் அறிய வெளியிட வேண்டும். பாக்கிதாரருக்குப் பதவியோ வாக்கோ இருக்கக் கூடாது. மூடிப்போன ஷாப்புகளின் பங்கைச் சங்க நிதியிலிருந்தே கட்ட வேண்டும். அதற்கு இன்னொரு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.