மூச்சுப் பயிற்சியா, சார்ஜ் மெமோவா?

மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் ஒரு நூற்பாலை. பெயர் இப்போதைக்கு வேண்டாம். சென்ற ஆண்டு ஒரு நாள் அங்கே தொழிலாளர்களை வரிசையாக உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பதற்றம் வந்தால் கண்ணை மூடிப் பத்து வரை எண்ணவேண்டுமாம். ஆத்திரம் வந்தால் அந்த இடத்தை விட்டு அகன்று தண்ணீர் குடிக்கவேண்டுமாம். நல்லது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. அடுத்த வாரமே ரிங் பிரேமில் சைடு பார்க்கும் ஓர் இளம் தொழிலாளிக்குச் சார்ஜ் மெமோ வந்தது. மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேசினாராம். அனுமதியின்றி யந்திரத்தை விட்டுப் போனாராம். அவர் போனது எங்கே? தண்ணீர்க் குழாய்க்கு!

இந்தத் தோழருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது திமிரும் அல்ல, வளர்ப்புக் கோளாறும் அல்ல. சிறு வயதிலேயே தொடங்குகிற, மூளை வளர்ச்சியைச் சார்ந்த வேறுபாடு. பலருக்கு வயது வந்த பிறகும் தொடர்கிறது. சொல் முந்திக்கொள்ளும், யோசனை பின்னால் வரும். "வாயிலே வந்தப்புறந்தானுங்க தோழர் எனக்கே தெரியுது" என்றார் என்னிடம். ஏச்சு வாங்க வாங்கப் பதற்றம் ஏறுகிறது. பதற்றம் ஏற ஏறப் பிசகும் கூடுகிறது. ஆலை என்ன செய்கிறது? வாரந்தோறும் ஷிப்டை மாற்றித் தூக்கத்தைக் கெடுக்கிறது. காதைப் பிளக்கும் இரைச்சலில் ஒரே மூச்சில் மூன்று உத்தரவுகளை வாய்மொழியாகக் கத்துகிறது. மூன்றாவதை மறந்தால் "உனக்கு அக்கறையில்லை" என்கிறது.

இங்கே என் தவறையும் சொல்லியாகவேண்டும். அந்த முதல் மெமோவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நானே. "என் சுபாவத்தைத் திருத்திக்கொள்கிறேன், இனி இவ்வாறு நேராது" என்று எழுதினேன். சங்க அலுவலகத்தில் இருபது வருஷமாக எழுதிப் பழகிய கை, யோசிக்கவேயில்லை. நாலு மாதம் கழித்து இரண்டாவது மெமோ வந்தது. விசாரணையில் நிர்வாகம் முதல் சாட்சியமாக எடுத்துவைத்தது எதை? நான் எழுதிய கடிதத்தை! நேராது என்று அவரால் வாக்குக் கொடுக்கமுடியாத ஒன்றுக்கு அவர் பெயரில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"யந்திரம் காத்திருக்குமா? பக்கத்தில் நிற்பவனுக்கு ஆபத்து வந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்கிறார்கள் நிர்வாகக் கனவான்கள். கேள்வி நியாயமானதுதான். இதற்குச் சுப்ரீம் கோர்ட்டே பதில் சொல்லியிருக்கிறது. துப்பாக்கி பிடிக்கும் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவருக்கு மன நோய். அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். 2021 டிசம்பர் 17-ல் கோர்ட் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. மன ஊனமுள்ளவர் மற்றவரைப்போல விதிக்கு உட்பட்டு நடக்கமுடியாமல் போவதால் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கும் வாய்ப்பு அவருக்கே அதிகம். ஆகவே இது மறைமுகப் பாகுபாடு என்றது. வேலையை மாற்றிக் கொடு, சம்பளத்தைக் குறைக்காதே, ஆயுதமோ ஆபத்தான கருவியோ கையாளாத இடமாகப் பார் என்றது. துப்பாக்கிக்கே வழி இருக்கும்போது கதிருக்கும் நூலுக்கும் வழியில்லையா?

சட்டம் முழுக்க நம் பக்கம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் உண்டு. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மன நோய் எல்லாம் இருக்கின்றன, ஏ.டி.எச்.டி.யின் பெயர் இல்லை. வேலையில் பாகுபாடு கூடாது என்னும் 20-வது பிரிவோ அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் முதலாளிக்கு எவ்வளவு பெரிய ஓட்டை! ஆனால் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடவேண்டும் என்னும் 21-வது பிரிவு அவருக்கும் உண்டு. நம் வட்டாரத்து ஆலை வாசல்களில் அதைத் தேடிப் பார்த்தேன். எந்த அறிவிப்புப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. தீபாவளி போனஸ் அறிவிப்பாவது தாமதமாகவேனும் தொங்கும்!

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாவதாக 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐ.எல்.ஓ.வும் மதிப்பிட்டன. அந்த ஸ்தாபனம் அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், வேலை அமைப்பையே மாற்றச் சொல்கிறது. மேலதிகாரிகளுக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. நம் ஆலையில் மேற்பார்வையாளருக்கு யார் மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள்?

மருந்தும் பயிற்சியும் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. மருத்துவர் கொடுக்கும் மாத்திரையால் பலருக்குப் பலன் இருக்கிறது. அந்தத் தோழரும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறார்: எந்தக் காகிதத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போடுவதில்லை, ஒரு இரவு கழித்துத்தான். ஆனால் பாரம் முழுவதையும் அவர் தலையிலேயே சுமத்துவது என்ன நியாயம்?

நம்மவர்களிலும் சிலர், "அவன் ஒரு முன்கோபி, அவனுக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினால் மற்ற கோரிக்கைகள் கெடும்" என்கிறார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். நான் அன்று சொல்லாமல் அதையே செய்தேன். அந்தக் கடிதம் என் நிர்ப்பந்தத்தால் கொடுக்கப்பட்டது என்று விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உத்தரவு எழுத்தில் வேண்டும், ஷிப்ட் மாறாமல் இருக்கவேண்டும், ஐந்து நிமிஷம் வெளியே போய்வர உரிமை வேண்டும், விசாரணையில் பக்கத்தில் ஒரு துணை உட்காரவேண்டும் என்ற நான்கையும் இந்த முறை கோரிக்கைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். முதல் மூன்றையும் "பரிசீலிக்கிறோம்" என்கிறது நிர்வாகம். துணை மட்டும் முடியாதாம்.