ஒரு வரிப் பதில்



வீட்டில் இருந்தபடியே தொழில் செய்யும் பெண்கள் இன்று நமது ஊர்களில் பெருகிவிட்டார்கள். தையல், கேக், மருதாணி என்று தொடங்கியது இப்போது உடற்பயிற்சி வகுப்பு வரை வந்திருக்கிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றமே. நீரிழிவோ மூட்டு வலியோ எட்டிப் பார்க்காத வீடு எது? ஆண்கள் நிறைந்த ஜிம்முக்குப் போகக் கூச்சப்படும் பெண்களுக்காக, ஒரு சகோதரி தன் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, கதவைச் சாத்தி, பயிற்சி சொல்லிக் கொடுப்பது பெரிய உதவி.

ஆனால் வகுப்புக்கு நாலு பேரைச் சேர்க்க பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறக்க வேண்டியிருக்கிறது. அதைத் திறந்த அன்றே பாராட்டோடு ஏச்சுக்கும் வழி திறந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒருவர் நம்மைக் குறை சொன்னால் அது கிணற்றடியில் பேசப்பட்டு இரண்டு நாளில் மறந்துபோகும். இப்போது எழுத்தாகவே நிற்கிறது, ஊரே வாசிக்கிறது. அதற்கு எப்படிப் பதில் சொல்வது? இம்மாதம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

எம்பிலிப்பிட்டியவையே எடுத்துக்கொள்வோம். இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்கில், வளவை கங்கையின் நீர் பாயும் வயல்களுக்கு நடுவே உள்ள நகரம். ஊரில் பெரும்பாலோர் சிங்கள மக்கள். நாம் சிறு தொகையினர். அங்கே ஒரு முஸ்லிம் பெண் வகுப்பு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் நம் பெண்களும் வருவார்கள், சிங்களச் சகோதரிகளும் வருவார்கள். ஒருநாள் அவரது பக்கத்தில் இப்படி ஒரு வரி வருகிறது: “அங்கே போய்க் காசைக் கரைக்காதீர்கள். இரண்டு மாதம் போயும் ஒரு கிலோ குறையவில்லை.”

அவருக்குக் கை துடிக்கும். “நீ வந்ததே ஆறு நாள்தான், போன மாதக் கட்டணமும் பாக்கி” என்று எழுதத் தோன்றும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் எழுதக் கூடாது. ஏன்?

குறை எழுதியவர் ஏற்கெனவே கோபித்துக்கொண்டு போய்விட்டவர். நம் பதிலை வாசிக்கப் போகிறவர்கள் வேறு பேர். நாளை வகுப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண், அவளுடைய கணவர், அவளுடைய மாமியார். அவர்கள் நியாயத் தராசு பிடித்து யார் சரி என்று பார்க்கப் போவதில்லை. “நாளை எனக்கும் இவளுக்கும் ஒரு மனத்தாங்கல் வந்தால் என் வரவு, என் பாக்கி, என் எடை எல்லாவற்றையும் இப்படித்தான் சந்திக்கு இழுப்பாளோ?” என்றுதான் பார்ப்பார்கள். வகுப்பில் கேட்டறிந்த எடையும் நோயும் அமானிதம். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக அதை வெளியில் எடுக்க முடியாது.

பதில் எழுதுமுன் நம் விளம்பரத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பதும் நல்லது. “ஒரே மாதத்தில் பத்துக் கிலோ” என்று போட்டிருந்தால் அந்தக் குறையை வரவழைத்தவர்கள் நாமே! வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை மெல்லக் குறைவதே பாதுகாப்பானது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. அதுவும் உணவைக் கவனித்தால்தான். வயது வந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டலில் கூறுகிறது. வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு மணித்தியாலம் என்று நாம் வகுப்பு வைத்தால் அது 120 நிமிடம்தான் ஆகிறது. மீதி அரை மணி நேரத்தை வீட்டில் நடந்து ஈடுசெய்யும்படி முதல் நாளே சொல்லிவிட்டோமா? சொல்லியிருந்தால் பாதிக் குறைகள் வந்திருக்காது.

ஆகவே அந்தச் சகோதரி எழுதக்கூடிய பதில் இவ்வளவுதான்: “நீங்கள் எதிர்பார்த்த பலன் கிடைக்காதது எனக்கும் வருத்தமே. எடை மெல்லத்தான் குறையும் என்பதை இனிமேல் சேரும்போதே எல்லோருக்கும் விளக்கிச் சொல்வேன். உங்களுடன் தொலைபேசியில் பேச விரும்புகிறேன்.” மூன்றே வரி. அதில் ஏச்சு இல்லை, கெஞ்சலும் இல்லை. சொன்னபடி தொலைபேசியில் பேசிவிடவும் வேண்டும். பயிற்சியால் முழங்கால் வலி வந்தது என்று ஒருவர் எழுதினால் விவாதமே வேண்டாம். உடனே பேசுங்கள், பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள், டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

“பெண்ணுக்கு எதற்கு இந்த ஆட்டம்?” என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப் போட்டி ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆனாலும் அதை வைத்துப் பேஸ்புக்கில் பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. “பெண்களுக்கு மட்டும். கதவு மூடியிருக்கும். உள்ளே தொலைபேசிக்கு அனுமதி இல்லை” என்று ஒருமுறை எழுதி, அதன்படி நடந்தால் போதும். வகுப்பின் பலனை நிரூபிக்கிறேன் என்று வந்து போகும் பெண்களின் படங்களைப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கோபத்தில் எழுதிய பதில் பெரிய நிறுவனத்தையே ஆட்டிவிடும். 2020 ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃப்ளொய்ட் கொல்லப்பட்டதால் நாடே கொதித்துக்கொண்டிருந்தது. ‘குரொஸ்பிட்’ என்ற உடற்பயிற்சி நிறுவனம் அதுபற்றி மௌனமாக இருக்கிறதே என்று, அதன் பெயரில் பயிற்சி நிலையம் நடத்திய ஒருவர் கேட்டு எழுதினார். நிறுவனர் கிரெக் கிளாஸ்மன் அவருக்குக் கடுஞ்சொற்களால் பதில் அனுப்பினார். பிறகு ஜூன் 6 ஆம் திகதி, ஃப்ளொய்டின் பெயரைக் கொரோனாவோடு முடிச்சுப்போட்டுக் கேலியாக ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். ரீபொக் நிறுவனம் உறவை முறித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான சிறு பயிற்சி நிலையங்கள் அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றின. மூன்றே நாளில் அவர் பதவியை விட்டு விலகினார். இருபது வருட உழைப்பு அது!

இதுவரை பார்த்தது தொழில் சம்பந்தப்பட்டது. நம் சமூகத்தையே சீண்டும் வரி வந்தால் நிலைமை வேறு. அதை நம் நாட்டிலேயே பார்த்தோம்.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பேஸ்புக்கில் சிங்களத்தில் வந்த சீண்டலான ஒரு பதிவுக்கு, சிலாபத்தைச் சேர்ந்த ஒரு கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதே அதன் பொருள். மனம் நொந்த மனிதன் சொல்லும் சாதாரணச் சொல். ஆனால் அடுத்த குண்டுக்கான எச்சரிக்கை என்று அது பரப்பப்பட்டது. மே 12 ஆம் திகதி சிலாபத்தில் பள்ளிவாசலும் முஸ்லிம்களின் கடைகளும் கல்வீச்சுக்கு இலக்காகின. பதில் எழுதியவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் வன்முறை குருநாகல், மினுவாங்கொடை என்று பரவியது. புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் சகோதரர் கொல்லப்பட்டார்.

கல் எறிந்தவர்களின் குற்றம் அவர்களுடையதே. அதை ஒரு வரியின் தலையில் சுமத்துவது அநீதி. ஆனாலும் நாம் கற்க வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. நமக்கோ வாசிப்பவருக்கோ சரளமாக வராத மொழியில், கோபத்தில் எழுதும் வரிக்கு மற்றவர்கள் தாங்கள் விரும்பிய அர்த்தத்தைக் கொடுத்துவிடலாம்.

அதற்கு முந்திய ஆண்டு, 2018 பெப்ரவரியில், அம்பாறையில் என்ன நடந்தது? உணவில் கருத்தடை மருந்து போட்டாயா என்று ஒரு முஸ்லிம் உணவகத்தில் சிலர் மிரட்டிக் கேட்டார்கள். சிங்களம் சரியாகப் புரியாத காசாளர் பயத்தில் ஆம் என்று தலையசைத்தார். அந்த வீடியோ நாடெங்கும் பரவியது; கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர்தான் அறிக்கை கொடுத்தார். அந்த வருடக் கலவரங்களில் தன் தளம் பயன்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் வந்து சேர இரண்டு வருடம் ஆனது!

ஆகவே சகோதரிகளே, தொழில் குறைக்குப் பதில் சொல்லுங்கள். சமூகத்தைச் சீண்டும் வரிக்கு எழுத்தில் பதில் சொல்லாதீர்கள். திகதியும் பெயரும் தெரியும்படி அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பேஸ்புக்கிற்கு முறையிடுங்கள். உங்கள் படத்தையோ பெயரையோ தவறாகப் பயன்படுத்தினால் 101 என்ற இலக்கத்தில் ஸ்ரீலங்கா செர்ட் நிறுவனத்திடம் சொல்லலாம். மிரட்டல் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அன்றைக்கே தெரியப்படுத்துங்கள்.

சிங்களத்தில் வரும் நியாயமான குறைக்குச் சிங்களத்திலேயே பதில் கொடுங்கள். ஆனால் நீங்களாகத் தட்டுத்தடுமாறி எழுத வேண்டாம். சிங்கள மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை எழுதச் சொல்லி, உங்கள் வகுப்புக்கு வரும் ஒரு சிங்களச் சகோதரியிடமும் காட்டிவிட்டுப் போடுங்கள். பொய் பரவும் நாளில் “நான் அங்கே போகிறவள், எனக்குத் தெரியும்” என்று அவர் எழுதும் ஒரு வரி, நாம் எழுதும் நூறு வரிகளை விடப் பெறுமதியானது. அந்த உறவை இன்றைக்கே, வகுப்பறையிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.