விருது அவர்களுக்கு, வேலை நமக்கு!

 

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையிலும் டி.டி.கே. சாலையிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். வங்கி வாசலிலும் அடுக்குமாடி வீட்டுக் கேட்டிலும் செக்யூரிட்டி உடுப்பில் நிற்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்களில் சிலராவது ஒரு காலத்தில் நாட்டின் எல்லையில் நின்றவர்களாக இருப்பார்கள்!

இவர்களைப் போன்றவர்களுக்காக உழைத்த தொண்டர்களுக்கு நாடு விருது கொடுத்திருக்கிறது. நம் சென்னையிலேயே வாழ்ந்த மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பார்சிப் பெண்மணி. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், பல சமூகப் பெண்களையும் ஒன்றுதிரட்டி ஒரு குழு அமைத்தார். சென்னையில் முகாமிட்டிருந்த சிப்பாய்களுக்கு நடமாடும் கேண்டீன் நடத்தினார்கள். மருத்துவமனைகளில் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் போய்ப் பார்த்தார்கள். போர் முடிந்த பின்னும் முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவி தொடர்ந்தது. 1955-இல் பத்மஸ்ரீ, 1968-இல் பத்மபூஷண், 1975-இல் பத்மவிபூஷண் அவரைத் தேடி வந்தன. 1971 போருக்குப் பின் போர் விதவைகளுக்காகச் சங்கம் கண்ட மோகினி கிரி அவர்களுக்கும் 2007-இல் பத்மபூஷண் கிடைத்தது. கனடாவிலோ, முன்னாள் வீரர்களுக்கு உதவுவோரைப் பாராட்டவென்றே 2001 முதல் அமைச்சரின் பெயரால் தனிப் பாராட்டு வழங்குகிறார்கள்.

நல்லது. பாராட்டுவோம். ஆனால் நம் சமுதாயத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

நம் தேசபக்தியை யாராவது சந்தேகித்தால் உடனே மேடை போடுகிறோம். 1948-இல் காஷ்மீர்ப் போர்க்களத்தில் உயிர்நீத்த பிரிகேடியர் உஸ்மானைச் சொல்கிறோம். 1965 செப்டம்பரில் கேம்கரன் பகுதியில் டாங்கிகளை எதிர்த்து நின்று மடிந்து பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதைச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும்! ஆனால் ஹமீதின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் நம் பேச்சாளர்கள், தங்கள் மஹல்லாவில் இருக்கும் ஒரு முன்னாள் சிப்பாயின் மனைவிக்கு ஒரு படிவமாவது நிரப்பிக் கொடுத்ததுண்டா?

இதை ஏன் கேட்கிறோம் என்றால், அந்தக் குடும்பங்களின் துன்பம் பெரும்பாலும் காகிதத்தில்தான் தொடங்குகிறது. ராணுவ ஆவணத்தில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. மனைவி ஒன்றில் 'பீவி', மற்றொன்றில் 'பேகம்'. அவர் உயிரோடிருக்கும் வரை யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. அவர் மௌத்தான பின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் 'இந்தப் பெண் யார்?' என்று கேள்வி வருகிறது. இத்தா முடிந்து வெளியே வரும் அந்தத் தாயிடம் 'நான் முடித்துத் தருகிறேன்' என்று புரோக்கர் வந்து நிற்கிறான். அதோடு ஆண்டுக்கொரு முறை வாழ்நாள் சான்று வேறு. அதை இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற கணினி வழியில் பதியச் சொல்கிறார்கள். கைரேகை தேய்ந்த எண்பது வயதுக்காரர் என்ன செய்வார்? சான்று போகாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும்.

காகிதத்தை அலட்சியம் செய்பவர்கள் அஸ்ஸாமில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். முப்பதாண்டுகள் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் சகோதரர் ஒருவரை 2019 மே மாதம் 'வெளிநாட்டவர்' என்று தீர்ப்பாயம் அறிவித்தது. தடுப்பு முகாமில் அடைத்தார்கள்! உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பின்தான் ஜூனில் வெளியே வந்தார். அது அநீதி, காகிதம் சரியாக இருந்தவர்களையும் அலைக்கழித்தார்கள் என்பதையும் அறிவோம். அதனால் நம் கையில் இருப்பதைச் சரிசெய்யாமல் விடலாமா?

நம் பள்ளிவாசல்களில் நிக்காஹ் தப்தர் இருக்கிறது. யார், யாருக்கு, எந்தத் தேதியில், எந்தச் சாட்சிகள் முன்னிலையில் என்று எழுதிக் கையெழுத்திட்ட பதிவு! ஒரு விதவை தன் திருமணத்தை நிரூபிக்க இது எவ்வளவு பெரிய துணை! பல ஊர்களில் அது கரையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கிறது. முத்தவல்லிகள் கோபித்துக் கொண்டாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுபவர் இறைவழியில் போராடுபவருக்கு நிகரானவர் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆலிம்கள் இதை ஜும்ஆவில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! விருதை நினைத்துச் செய்தால் முகஸ்துதியாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்போம். விருது தேடி வந்தால் வரட்டும்.

மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. நம் கிளை நிர்வாகிகள் முதலில் அங்கே போய் அறிமுகம் செய்து கொள்ளட்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் கணினி தெரிந்த ஓர் இளைஞரை இதற்கென்றே நியமியுங்கள். உங்கள் பகுதியில் உள்ள முன்னாள் வீரர்கள், அவர்களின் விதவைகள் பட்டியலை, முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்று பிரிக்காமல், எடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். டிசம்பர் 7 கொடி நாள். அதற்குள் எந்தெந்தக் கிளை பட்டியலை முடித்தது என்று தலைமையகத்துக்கு எழுதுங்கள்.