மச்சினன் போட்ட மஞ்சள் ஒயர்

கல்யாணமான எந்த ஆண்மகனும் மச்சினன் காதில் விழும்படி சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. ‘காருக்கு ஒரு செட் போடணும்.’

நான் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

திருவேங்கடத்தில் பழைய கார் வாங்குகிறவனுக்கு முதல் ஆசை குற்றாலத்தில் குளிப்பது. இரண்டாவது ஆசை போகிற வழியெல்லாம் பாட்டுக் கேட்பது. என் காரில் ஏற்கெனவே இருந்த ரேடியோ, கரகரப்பைத் தவிர எந்த ஸ்டேஷனையும் பிடிக்காது. டவுனுக்குப் போய், ப்ளூடூத், யூ.எஸ்.பி., தொட்டால் பாடுகிற ஸ்கிரீன் எல்லாம் உள்ள செட் ஒன்று வாங்கி வந்தேன்.

“ஃபிட்டிங் சார்ஜ் கேட்டானா? குடுத்திராதிய அத்தான்! நாலே நாலு ஒயரு. நான் மாட்டித் தாரேன்” என்றான் மச்சினன். டிப்ளமா எலக்ட்ரிக்கல். இரண்டு அரியர்.

பெட்டியைத் திறந்தால் நாலு ஒயர் இல்லை, வானவில்லே இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலான கம்பெனிகள் ஒரே வர்ணத்தைத்தான் பின்பற்றுகின்றன. மஞ்சள், எப்போதும் 12 வோல்ட். செட்டின் ஞாபகசக்தி அதில்தான் இருக்கிறது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட். கறுப்பு, எர்த். வெள்ளையும் சாம்பலும் முன்பக்க ஸ்பீக்கர்கள், பச்சையும் ஊதாவும் பின்பக்கம். கோடு போட்டது மைனஸ். ஆனால் இது செட் பக்கத்து வர்ணம்தான். கார் பக்கத்து வர்ணம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால்தான் நம் காருக்கேற்ற கப்ளரைக் கேட்டு வாங்கி, வெட்டாமல் ஒட்டாமல் சொருகிவிடுவது உத்தமம். மச்சினன் என்ன செய்தான்? கார் கப்ளரைக் கத்தரித்தான். “பழசு எதுக்கு அத்தான்?”

சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி, மேலே டேப் சுற்றினான். செட் பாடியது. வீடே கைதட்டியது. மாமியார் தன் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை செல்ஃப் அடிக்கவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி, பேப்பர் போடும் பையன், பால்காரர் என்று சர்வகட்சியும் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். சாவியை எடுத்தாலும் செட் தூங்காமல் ஒரு ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றரை நாளில் காலி. செல்ஃப் மோட்டார் அதற்கு வெகு முன்பே கைவிரித்துவிடும். இது எனக்குப் பின்னால் தெரிந்த கணக்கு. அப்போது பேட்டரிக் கம்பெனியைத்தான் திட்டினேன்.

இரண்டாவது கோளாறு: ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பாட்டுக்குள் ஒரு கொசு பறக்கும். வேகமாகப் போனால் கொசுவும் உச்ச ஸ்தாயிக்குப் போகும். “அது ட்ரெபிள் எஃபெக்ட்” என்றான் மச்சினன்.

போகட்டும், அட்டைப் பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று போட்டிருந்தானே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொத்தம் 200 வாட். செட்டின் பின்னால் இருந்த ஃப்யூஸோ 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் உள்ளே போவது 144 வாட். 144 போய் 200 வருமா? வந்தால் நாம் மின்வாரியத்துக்கே சப்ளை செய்யலாம். நாலு ஓம் ஸ்பீக்கருக்கு இந்த வோல்ட்டில் சுத்தமாக வரக்கூடியது, கணக்குப்படி அதிகபட்சம் 26 வாட். கைக்கு வருவது அதிலும் குறைவு. ஆடித் தள்ளுபடி மாதிரி இது ஆடியோ தள்ளுபடி!

அடுத்த ஞாயிறு குற்றாலம் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மச்சினன் தன் தவற்றைத் தானே கண்டுபிடித்து, திருத்தியும் வைத்தான். சிவப்பைச் சாவிக்கு மாற்றினான். சரி. மஞ்சளை நேராக பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து இழுத்தான். அதுவும் சரியே. ஆனால் இன்ஜினுக்கும் காலடிக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஒரு ஓட்டை பார்த்து, ரப்பர் புஷ் இல்லாமல் ஒயரை நுழைத்துவிட்டான். பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸும் இல்லை. “செட்டுலதான் ஒரு ஃப்யூஸ் இருக்கே!”

நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டு, இருட்டியபின் கிளம்பினோம். தென்காசி தாண்டி, சங்கரன்கோவில் வருவதற்கு முன்னால், முன்சீட்டிலிருந்த மாமியார் மூக்கை உறிஞ்சினார்.

“மாப்பிள்ளை, யாரோ சாம்பிராணி போடுதாவ.”

காலடியிலிருந்து புகை. ஓரம் கட்டி சாவியை உருவினேன். பாட்டு நின்றது, புகை நிற்கவில்லை. பின்சீட்டில் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். கதவை இழுத்தார்கள், திறக்கவில்லை. பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதென்று சைல்டு லாக்கைத் தள்ளி வைத்தது சாட்சாத் நான்தான். ஓடிப்போய் வெளியிலிருந்து திறந்தேன். சின்னவள் அழக்கூட இல்லை. என் சட்டையைப் பிடித்தவள் விடவில்லை. அந்த விரல்களைப் பிரித்து அம்மா கையில் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பானெட்டைத் திறந்தேன். ஸ்பானர் கிடையாது. ஈரக் குற்றாலத் துண்டைச் சுற்றி பேட்டரி டெர்மினலைப் பிடித்துத் திருகினேன். கையோடு வந்துவிட்டது! மச்சினன் நட்டை முறுக்காமல் விட்டிருந்தான். அவன் செய்த தப்புகளிலேயே எங்களைக் காப்பாற்றிய தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் எங்கள் ஊர் செல்ஃப்-டைனமோ அண்ணாச்சியிடம் வண்டி போனது. கருகிய ஒயரை வெளியே இழுத்து, தகட்டின் விளிம்பு ரம்பமாக அறுத்திருந்த இடத்தைக் காட்டினார்.

“ஃப்யூஸ் செட்டைக் காப்பாத்தன்னு நெனச்சீயளா? ஒயரைக் காப்பாத்த வேய்! செட்டுல இருக்க ஃப்யூஸ் செட்டுக்குத்தான் காவல். வழியில ஒயர் பாடியத் தொட்டா, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிரும். சாவிய எடுத்து என்ன செய்ய? பேட்டரியிலேருந்து ஒரு சாணுக்குள்ள ஃப்யூஸ் இருக்கணும்.”

கையால் கழற்றிய கதையைக் கேட்டு, ஸ்பானர் போட்டால் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்றார். ப்ளஸ்ஸில் இருக்கும் ஸ்பானர் பாடியில் பட்டால் அதுவே ஒரு வாணவேடிக்கை.

கொசுவை அவர் பிடித்த விதம் அழகு. கறுப்பு ஒயர், பெயின்ட் அடித்த ஸ்க்ரூவில் கட்டியிருந்தது. பெயின்டைச் சுரண்டி, லக் வைத்து, பாடியோடு இறுக்கினார். கொசு செத்தது. பிறகு பேட்டரி மைனஸுக்கு நடுவில் மீட்டரைக் கோத்து, வண்டியைப் பூட்டி, அரைமணி நேரம் டீ குடித்தார். கார் ‘தூங்க’ அவ்வளவு நேரம் வேண்டுமாம். வந்து பார்த்தால் 30 மில்லி ஆம்பியர். ஐம்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. கூடினால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கினால் மீட்டர் இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருடன்.

ஸ்பீக்கர் மைனஸை மட்டும் பாடியில் கட்டிவிடாதீர்கள் என்று தனியாக எச்சரித்தார். அந்தக் கால கேஸட் செட்டுகள் பலவற்றில் அது செல்லும். இப்போதைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலுமே வோல்ட் உண்டு. பாடியில் பட்டால் ஐ.சி. போய்விடும்.

மச்சினனை ரொம்பத் திட்டவும் முடியவில்லை. 1930-ல் அமெரிக்காவில் கார் ரேடியோ செய்து, ‘மோட்டோரோலா’ என்று அதற்குப் பேர் வைத்த பால் கால்வின், கடன் கேட்கப் போன பேங்க்காரரின் காரில் ஒரு செட்டை மாட்டிக் கொடுக்க, அரைமணியில் அந்தக் கார் தீப்பிடித்ததாக ஒரு கதை உலவுகிறது. கடன் கிடைக்கவில்லையாம். அதைச் சொன்னதும் இவன் முகத்தில் ஒரு பெருமிதம்!

“அத்தான், அடுத்து ரிவர்ஸ் கேமரா ஒண்ணு போடுவோமா? மூணே மூணு ஒயரு...”

நான் பதில் சொல்லவில்லை. இப்போதெல்லாம் பின்சீட்டில், கதவோரமாக உட்காருகிற மாமியார் முந்திக்கொண்டார்:

“ஏல, அதுக்கு ஃப்யூஸ் உண்டா?”