தார் ஓடுறது தார் ரோட்டுலதான்!

ஃபைனல் இயர் வந்தாச்சு. பிளேஸ்மென்ட் ஆஃபர் கைக்கு வந்ததோ இல்லையோ, "முதல் வண்டி என்ன?" என்ற விவாதம் மட்டும் எல்லா ஹாஸ்டல் ரூமிலும் ஓடுது. பாதிப் பேருக்குப் பதில் ரெடி: செகண்ட் ஹேண்ட் தார், இல்லன்னா ஜிம்னி. அடுத்த வரியும் ரெடி: "வாங்கின உடனே எம்டி டயர் மாட்டிடணும் மச்சி."

அந்த ரெண்டாவது வரியோடதான் எனக்குச் சண்டை.

முதல்ல பேசிக்ஸ். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குப் பொதுவா மூணு வகை டயர் உண்டு. எச்டி, அதாவது ஹைவே டெரெய்ன், ரோட்டுக்கானது. எம்டி, மட் டெரெய்ன். பெரிய பெரிய பட்டன், நடுவில் அகலமான இடைவெளி. ஏடி, ஆல் டெரெய்ன், இந்த ரெண்டுக்கும் நடுவில்.

எம்டி டயரில் அந்த இடைவெளி சும்மா கெத்துக்காக வைக்கலை. சக்கரம் சுத்தும்போது ஒட்டின சேறு தெறிச்சு வெளியே போகணும். அப்பத்தான் அடுத்த சுத்துல பட்டன் மண்ணைப் பிடிக்கும். மழை பெய்ஞ்ச கரிசல் காட்டில் நடந்தவங்களுக்குத் தெரியும், பத்து அடி வைக்கிறதுக்குள்ள செருப்பு எவ்வளவு கனமாகும்னு. ரோட்டு டயருக்கும் அங்கே அதே கதிதான். அந்த இடத்தில் எம்டிதான் ராஜா, மறுக்கலை.

ஆனா தார் ரோட்டில் அதே இடைவெளி உங்களுக்கு எதிரி. இடைவெளி அதிகம்னா ரோட்டைத் தொடுற ரப்பர் கம்மி. ஏடி, எச்டி டயர்களின் பட்டனில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். ஈர ரோட்டில் பிடிப்பு கொடுக்கிறதில் அதுக்குப் பெரிய பங்கு உண்டு. எம்டி-யில் அதுவும் பொதுவா கம்மிதான். சத்தமும், டீசல் செலவும் இலவச இணைப்பு.

இப்போ நம்ம ட்ரிப் லிஸ்ட்டைப் பாருங்க. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40. ரெண்டுமே தார் ரோடு. போறதும் மழை சீசனில், வண்டி நிறைய ஆளோடு. அங்கே தேவை சேற்றைப் பிடிக்கிற டயர் இல்லை, நனைஞ்ச தாரில் நிக்கிற டயர்.

"ஃபோர் வீல் டிரைவ் இருக்குல்ல, என்ன பயம்?" என்று கேட்பீர்கள். அது இன்ஜின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் அனுப்பும், அவ்வளவுதான். பிரேக் சாதாரண ஆல்டோவிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கு. வண்டியைக் கிளப்ப உதவுற சிஸ்டம், திடீர்னு பிரேக் அடிக்கும்போது காப்பாத்தாது. அந்த நொடியில் உங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கிறது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய நாலு ரப்பர் திட்டு. மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க.

அடுத்து சைஸ். கால்குலேட்டரை எடுங்க. 16 இன்ச் வீல் உள்ள தாரில் கம்பெனி கொடுக்கிறது 245/75. விட்டம் சுமார் 774 மி.மீ. பார்க்க நல்லா இருக்குன்னு 265/75 போட்டால் 804 மி.மீ. கிட்டத்தட்ட 4 சதவீதம் பெருசு. முன்னாடி 80 காட்டின அதே வேகத்துக்கு ஸ்பீடோமீட்டர் இப்போ 77தான் காட்டும். ஆக்ஸிலில் அதே டார்க், ஆனா ஆரம் பெருசு. அதனால் தரையில் கிடைக்கிற தள்ளு விசையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஆஃப்ரோடுக்காகச் செலவு பண்ணி, ஆஃப்ரோடுக்குத் தேவையான விசையையே குறைச்சுக்கிறோம்!

மணலுக்கு வந்தா கதையே வேற. தூத்துக்குடி பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் பெரிய பட்டன் குழி தோண்டும், வண்டி அதிலேயே உட்காரும். அங்கே உதவுறது காத்தை இறக்கிறது. 30 சொச்சத்தில் இருக்கிறதை 18 பிஎஸ்ஐ பக்கம் கொண்டு வந்தால் டயர் நீளமாப் படியும், வண்டி மணல் மேலேயே போகும். ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். திரும்பத் தார் ரோடு ஏறும் முன் காத்து அடிச்சே ஆகணும், இல்லன்னா டயர் சூடேறி வெடிக்கலாம். ஒரு ஏர் கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும் வாங்கிற காசு, ஒரு எம்டி டயர் விலையைவிடக் கம்மி.

அப்போ எம்டி யாருக்கு? தினமும் எஸ்டேட் சகதியில் வண்டி ஓட்டுறவங்களுக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை மண் ரோட்டில் இறங்குற நமக்கு நல்ல ஏடி போதும். கம்பெனி சைஸிலேயே போதும்.

கடைக்குப் போனால் இதையெல்லாம் பாருங்க. லோடு இண்டெக்ஸும் ஸ்பீடு ரேட்டிங்கும் மேனுவலில் சொன்னதுக்குக் கீழே போகக் கூடாது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. நாலும் ஒரே சைஸ், ஒரே மாடலாக இருக்கட்டும். செகண்ட் ஹேண்ட் வண்டின்னா பட்டன் ஆழத்தையும் பாருங்க. 1.6 மி.மீ. வந்துட்டா அது மொட்டை டயர், பேரம் பேசாம மாத்திடுங்க.

எம்டி ஒரு செட்டுக்கு நம்ம முதல் மாச சம்பளம் முழுசாப் போயிடும். அதைப் போட்டோவுக்காகச் செலவழிக்கிறது உங்க இஷ்டம். ஆனா பின் சீட்டில் உட்கார்ந்து வர்றவங்ககிட்ட யாரும் டயரைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறதில்லை. அதனால்தான் இப்பவே சொல்லி வைக்கிறேன்.